மூட்டு அறுவைக்குப் பின் 12 வாரங்கள்

மூணாற்றில் முதியவர்கள் சிலர் இன்றும் தேயிலைத் தோட்டத்தை ‘டாடா கம்பெனி’ என்றே குறிப்பிடுவர். 2005ஆம் ஆண்டிலேயே அத்தோட்டங்களில் பெரும்பகுதி, தொழிலாளரே பெரும்பங்குதாரராக அமைந்த கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. பழைய பெயர் மட்டும் நாவை விட்டு அகலவில்லை. அப்பெயருக்கு உரியவரான ரத்தன் டாடா, தம் நாய் ஒன்றுக்கு மூட்டு மாற்று அறுவை செய்விப்பதற்காக அதனை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திற்கு விமானத்தில் கொண்டுசென்ற செய்தியை 2024இல் நாளிதழ் ஒன்றுக்குத் தாமே கூறினார். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. மூட்டை மாற்ற இயலாமல், அதை ஒரே நிலையில் அசையாதபடி பொருத்தி அனுப்பினர். அங்கு கண்ட மருத்துவ வசதி நம் நாட்டிலும் வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தின் விளைவே, மும்பை மகாலட்சுமிப் பகுதியில் 2024 ஜூலையில் திறக்கப்பெற்ற சிறு விலங்கு மருத்துவமனை. ஐந்து தளங்கள் கொண்ட அதற்கு ரூ.165 கோடி செலவாயிற்று.

அறுவைக்கு முன் காலம் தவறுவது ஒருவகை. அறுவை முடிந்து வீடு திரும்பிய பின் காலம் தவறுவது இன்னொரு வகை. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில் வாழும் நமக்கு மும்பையும் மின்னசோட்டாவும் ஏறக்குறைய ஒரே தொலைவுதான். எனினும் நிலைமை முன்புபோல் இல்லை. மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955 முதல் இயங்கி வருகிறது. எல்லைக்கு அப்பால் உடுமலைப்பேட்டையிலும் தேனியிலும் 2020இல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. கோயம்புத்தூரில் தனியார் மருத்துவமனைகள் உள்ளன. எல்லா இடத்திலும் எல்லா மூட்டு அறுவையும் நடைபெறுவதில்லை. ஆகவே நாயை ஜீப்பில் ஏற்றுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நன்று. நாயை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியபின் ‘இங்கு அந்த அறுவை இல்லை’ என்று கேட்க நேர்வது நாய்க்கும் துன்பம், நமக்கும் துன்பம்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு நாய்களுக்கு இவ்வகை அறுவை நடந்தது. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் வளரும் மணி, ஆறு வயது லேப்ரடார். பின்னங்கால் முட்டியில் அறுவை. மறையூரில் அண்ணன் வீட்டில் வளரும் கருப்பன் நாட்டு நாய். ஜீப் மோதி இடுப்பு மூட்டு சிதைந்ததால் அறுவை. இரண்டிற்கும் பின்னங்காலில்தான் வெட்டும் தையலும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஆதலால் இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்து, ஒரே மாதிரியாகப் பேணத் தொடங்கினோம். பிழை அங்கேதான் நேர்ந்தது. அதனை விளங்கிக்கொள்ள மூட்டினுள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

மனிதன் நிற்கும்போது முழங்கால் ஏறத்தாழ நேராக இருக்கும். நாயின் பின்னங்கால் முட்டியோ நிற்கும்போதும் மடங்கியே இருக்கிறது. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்புறமாகச் சரிந்திருக்கிறது. பல நாய்களில் இச்சரிவு ஏறக்குறைய 25 பாகை. சரிவான பாறைமேல் வைத்த பானைபோல, ஒவ்வோர் அடியிலும் தொடை எலும்பு அச்சரிவில் பின்னோக்கி வழுக்கப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது முட்டிக்குள் குறுக்காகச் செல்லும் ஒரு நார். மருத்துவர்கள் இதனைச் சிலுவை நார் என்பர். விளையாட்டு வீரர்களுக்கு இந்த நார் ஒரே நொடியில் அறுவதுண்டு. நாய்களிலோ பெரும்பாலும் மாதக்கணக்கில், பழைய கிணற்றுக் கயிறுபோல, இழை இழையாக நைந்து, ஒருநாள் சாதாரணமாகத் திண்ணையிலிருந்து இறங்கும்போது முற்றும் அறுகிறது. மணி அமரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டி அமர்வதை நாங்கள் பல வாரங்கள் கண்டோம். சோம்பல் என்று எண்ணினோம். அதுவே முதல் அறிகுறி.

அறுந்த நாரை மீண்டும் ஒட்டவைப்பதில்லை. சிறிய நாய்களுக்கு மூட்டின் வெளிப்புறமாக உறுதியான செயற்கை இழையைக் கட்டி, உடல் தானே தழும்புத் திசுவை உருவாக்கி மூட்டை இறுக்கிக்கொள்ளும்வரை தாங்கச் செய்வர். பெரிய நாய்களுக்கு இன்னொரு முறை உண்டு. பார்க்ளே ஸ்லோக்கம் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1993இல் வெளியிட்ட முறை அது. கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்து, சற்றே திருப்பி, சரிவை ஏறக்குறைய 5 பாகையாகக் குறைத்து, உலோகத் தகடும் திருகாணிகளும் கொண்டு பிணைத்துவிடுகின்றனர். சரிவு நீங்கினால் பானை வழுக்குவதில்லை. நார் இல்லாமலே கால் நிற்கும். எளிய பெளதிகம், ஆனால் இதற்காக நல்ல எலும்பு ஒன்று வெட்டப்படுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மணிக்கு நடந்தது அடிப்படையில் மருத்துவரே செய்த ஓர் எலும்பு முறிவு. அது கூடுவதற்கு எட்டு வாரங்களாவது ஆகும்.

கருப்பனுக்கு நடந்தது இதற்கு முற்றிலும் வேறானது. சிதைந்த இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எடுத்துவிட்டனர். அங்கு இனிக் கூடவேண்டிய எலும்பு எதுவும் இல்லை. சுற்றியுள்ள தசைகளும் தழும்புத் திசுவும் சேர்ந்து ஒரு பொய் மூட்டை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அத்தழும்பு இறுகும் காலத்தில் கால் அசைந்துகொண்டே இருந்தால் மூட்டு நெகிழ்வாக அமையும். அசையாதிருந்தால் கட்டைபோல் இறுகிவிடும்.

ஆகவே மணிக்கு மருந்து அடக்கம். கருப்பனுக்கு மருந்து அசைவு. மறையூரில் அண்ணனும் அண்ணியும், பாவம் வலிக்குமே என்று, மூன்று வாரம் கருப்பனைக் கட்டிலடியில் கட்டிவைத்துக் கையில் ஊட்டினர். இங்கே நாங்கள் மணி நன்றாக நடக்கிறானே என்று ஐந்தாம் வாரத்தில் கயிற்றைத் தளர்த்தினோம். இரு வீட்டிலும் அன்புக்குக் குறைவில்லை. அறுவை முடிந்து நாயை வாங்கும்போது கேட்கவேண்டிய முதற்கேள்வியை இரு வீட்டாரும் கேட்கவில்லை: எலும்பு வெட்டிப் பிணைக்கப்பட்டதா, இழை கட்டப்பட்டதா, எலும்புத்தலை நீக்கப்பட்டதா, எந்த நாளிலிருந்து எவ்வளவு நடக்கலாம். விடையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது மேலும் நன்று. மருத்துவமனை வாசலில் மயக்கம் தெளியாத நாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கேட்டது எதுவும் மனத்தில் தங்காது.

வீட்டைப் பொறுத்தவரை, முதல் பகைவன் வழுக்கும் தரை. பாலக்காட்டுப் பக்கத்தில் பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையும் புதிய வீடுகளின் டைல்ஸ் தரையும் மனிதனுக்கு அழகு. மூன்று காலில் நிற்கும் நாய்க்குப் பனிக்கட்டி. சாக்கு விரிப்பு நகர்ந்துவிடும். சித்தூர் வட்டாரத்தில் பால்மாடு வளர்ப்போர் கொட்டகையில் விரிக்கும் தடித்த ரப்பர் விரிப்பு இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது, கழுவலாம், நகராது. மலைப்பகுதியிலோ இடர் படிகள். தோட்டத்து லயங்களில் வாசலுக்கு வர இரண்டு படி, பாதைக்கு வர ஏழெட்டுப் படி என்று அமைந்திருக்கும். அங்கே நாயைத் தூக்கியே இறக்க வேண்டும். நாய் கனமானதாயின், பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து அடிவயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்கு முன்னால் கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்குமேல் சேர்த்துப் பிடித்தால் பின்னுடலின் பாரம் நம் கையில் நிற்கும். நாயைத் தூக்குவதற்கு அல்ல, விழாமல் காப்பதற்கே இத்துணி. நாய் நிற்கையில் உடற்பாரத்தில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு முன்னங்கால்களின் மேலேயே இருக்கிறது. மிஞ்சியதையே பின்னங்கால்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் சிறிது தாங்கினாலே போதும்.

முதல் மூன்று நாள்களில் வீக்கமே தொல்லை. பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, மெல்லிய துண்டில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை மூட்டின்மேல் வைக்கலாம். தோலின்மேல் நேராக வைக்கலாகாது. வீக்கம் வடிந்த பிறகு, மருத்துவர் இசைந்தால், இளஞ்சூட்டு ஒத்தடம். தையலை நாய் நக்காதபடி கழுத்தில் கூம்பு இருக்க வேண்டும்; ‘பாவம், தண்ணீர் குடிக்க முடியவில்லை’ என்று இரவில் கழற்றும் வீடுகளில்தான் விடியும்போது தையல் பிரிந்திருக்கும். பத்து முதல் பதினான்கு நாளில் தையல் பிரிக்கும்வரை குளிப்பாட்டுவது கிடையாது. மஞ்சளோ வேப்பெண்ணெயோ புண்ணில் தடவுவதும் வேண்டா. பாலக்காட்டு வெயிற்காலத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது விரைவில் நிகழும்; காலையும் மாலையும் காயத்தை வெளிச்சத்தில் பார்ப்பதே காவல். இடுக்கியில் மழைக்காலமாயின் ஈரமும் அட்டையும் சேர்ந்துகொள்ளும். வெளியே செல்லும்போது கட்டின்மேல் சுற்றும் பிளாஸ்டிக் உறையை உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் உள்ளே வியர்த்துப் புண் ஊறும்.

வலி மாத்திரை பற்றி ஒரு கடுஞ்சொல் கூறவேண்டும். நம் அலமாரியில் உள்ள பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் முதலியவற்றை நாய்க்கு நாமாகக் கொடுக்கலாகாது. குடற்புண், சிறுநீரகக் கேடு, கல்லீரல் கேடு என்று விளைவுகள் கொடியவை. கால்நடை மருத்துவர் எழுதிய மருந்தோடு இவற்றைச் சேர்த்துக் கொடுப்பது இரட்டைக் கேடு. (டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இலேயே நம் நாட்டில் தடை வந்தது, அது கழுகுகளைக் காக்க. அம்மருந்து ஏற்றிய மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதுபட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஒருவருக்கு மருந்தாவது இன்னோர் உயிருக்கு என்னவாகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேடவேண்டியதில்லை.)

இனி நடை. மணி போன்ற நாய்க்குத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை, குறுகிய வாரில் பிடித்து. வேகம் மிகவும் குறைவாக இருக்க வேண்டும். காரணம் உண்டு: விரைந்து சென்றால் நாய் நோயுற்ற காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும்; மெல்லச் சென்றால்தான் நான்கையும் ஒவ்வொன்றாக ஊன்றும். காலை ஊன்றுவதே பயிற்சி. கடந்த தொலைவு கணக்கில் இல்லை. மருத்துவர் ஒப்பினால் வாரத்திற்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கங்களில் பங்குனி, சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார்த்தால் தெரியும். நம் கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது. காலை ஏழு மணிக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே நாங்கள் நடத்தினோம். மூணாறு, மறையூர்ப் பக்கத்தில் தடை வேறு: சமநிலம் கிடைப்பதே அரிது. பள்ளி மைதானம், கோயில் முற்றம், தேயிலைத் தொழிற்சாலை முன்னுள்ள வெளி என்று தேடிக்கொள்ள வேண்டும். அதே மலைச்சரிவு எட்டு வாரத்திற்குப் பின் நண்பனாகிவிடும். மெல்லிய ஏற்றத்தில் நடக்கையில் பாரம் பின்னுக்குச் சாய்ந்து, மெலிந்த தொடைத் தசை வேலை செய்யத் தொடங்குகிறது. இறக்கத்தில் அவசரம் கூடாது.

தசை மெலிவது வியப்பூட்டும் வேகத்தில் நடக்கும். தையற்காரர் பயன்படுத்தும் அளவுநாடாவால் இரு தொடைகளையும் ஒரே இடத்தில் வாரந்தோறும் அளந்து நாட்காட்டியில் குறித்து வந்தோம். கண் ஏமாறும், நாடா ஏமாறாது. நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காலை மெல்ல மடக்கி, மெல்ல நீட்டி, பத்துப் பன்னிரண்டு முறை செய்யும் பயிற்சியை மருத்துவமனையில் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு வருவது நல்லது. நாய் தலையைத் திருப்பி நம் கையைப் பார்த்தால் போதும், அதுவே எல்லை; முனகும்வரை போகவேண்டியதில்லை.

கருப்பன் செய்தி இங்கே. நான்காம் வாரத்தில் காட்டியபோது அவன் தொடை இறுகி, கால் பின்னோக்கி நீளவே மறுத்தது. அவனுக்கு மூன்றாம் நாளிலிருந்தே செய்திருக்கவேண்டிய இப்பயிற்சியை அண்ணி அன்று தொடங்கினார். வலி மருந்து கொடுத்து அரைமணி கழித்து, வெந்நீர் ஒத்தடம், பின் நீட்டல், பின் நடை என்று நாளுக்கு மூன்று வேளை, இரண்டரை மாதம். இழந்த மூன்று வாரத்தை மீட்க எடுத்த காலம் அது.

எங்கள் பிழை இன்னும் சிறியதாகத் தொடங்கியது. ஐந்தாம் வாரம் மணி நொண்டவேயில்லை. வலி போயிற்று, வீக்கம் போயிற்று, எலும்பு மட்டும் கூடவில்லை. அது வெளியே தெரியாது. ஒருநாள் மாலை வாரை மாட்டாமல் முற்றத்தில் விட்டோம். தென்னந்தோப்பில் மயில் இறங்கியது. அவன் வேலி வரை பாய்ந்து திரும்பியபோது கால் மீண்டும் தரையைத் தொடவில்லை. அன்றிரவு உறக்கமில்லை. மறுநாள் எக்ஸ்ரேயில் தகடும் திருகாணிகளும் நின்ற இடத்திலேயே நின்றன. சதைப்பிடிப்பு மட்டுமே என்றனர். ஆயினும் நாட்கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை, நாய் நலமாகத் தோன்றும் அந்த இடைக்காலமே எல்லாவற்றினும் இடர் மிக்கது என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லாமல் இல்லை. எங்கள் செவியில் ஏறவில்லை. நன்றாகத் தேறிவந்த நாய் திடீரெனக் காலைத் தூக்கினாலும், காயத்தில் நீர் கசிந்தாலும், உணவை மறுத்தாலும் மறுநாள்வரை காத்திருக்கலாகாது.

நீரில் நடைப்பயிற்சி தரும் கண்ணாடித் தொட்டிகள் பெருநகரங்களில் உள்ளன. நம் பக்கத்தில் குளமும் வாய்க்காலும் உண்டே என்று தோன்றும். காயம் முழுதும் ஆறி, மருத்துவர் ஒப்புதலும் கிடைத்தபின், நெஞ்சளவு அமைதியான நீரில் மார்புப்பட்டை கட்டி நடத்துவது நன்மையே. ஆனால் பாசி படிந்த படித்துறையில் இறங்கும்போது வழுக்குவதையும் வாய்க்காலின் இழுப்பையும் எண்ணி நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

உணவு பற்றி நம் மரபு ஒரு தொல்லை. நோயாளிக்கு நிறையக் கொடுக்க வேண்டும் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். ஓடாத நாய்க்கு முன்போலச் சோறும் இறைச்சியும், அன்பின் மிகுதியால் மறையூர் வெல்லத்தில் ஒரு துண்டும் கொடுத்தால் எடை ஏறி, அத்தனையும் அந்த மூட்டின்மேல் வந்து நிற்கும். அமெரிக்காவில் 48 லேப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, இணையில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவிட்டு வாழ்நாள் முழுதும் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. குறைவாக உண்டவை நடுக்கணக்கில் ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன; மூட்டுத் தேய்வுக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றிற்குக் காலந்தாழ்த்தியே. மணி அறுவையின்போது 38 கிலோ. நான்கு மாதத்தில் 32க்குக் கொண்டுவந்தோம். அவன் பார்த்த பார்வையை இங்கே எழுதவேண்டாம்.

பணத்தைப் பற்றியும் இவ்விதழில் பேசாமல் இருக்க இயலாது. அறுவைக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டு நாங்கள் சென்றோம். எட்டாம் வார எக்ஸ்ரே, மருந்து, நான்கு முறை வண்டி வாடகை, வீட்டில் ஒருவர் எடுத்த விடுப்பு ஆகியவை கணக்கில் இல்லை. மேலும், சிலுவை நார் ஒரு காலில் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு ஓரிரு ஆண்டுகளில் மறுகாலிலும் அறுகிறது. நைவு இரு முட்டியிலும் ஒருங்கே நடப்பதே காரணம். எனவே முதல் அறுவை முடிந்த மாதமே மறுகாலுக்காகச் சிறு தொகையில் தொடர்வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில நாய்களுக்கும் காப்பீடு தருகின்றன. ஆனால் முன்பே உள்ள நோய், பிறவிக் குறை, தொடக்கக் காத்திருப்புக் காலம் பற்றிய விதிகளைப் படித்தபின் கையொப்பமிட வேண்டும். நொண்டத் தொடங்கிய நாய்க்கு எடுக்கும் காப்பீடு அந்த நொண்டலுக்குப் பயன்படாது.

மயில் நிகழ்ச்சிக்குப் பின் எண்ணிய எட்டாம் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில், அறுத்த கோடு மங்கி எலும்பு கூடியிருந்தது. அதன்பிறகும் வாரைக் கழற்ற ஒரு மாதம் ஆயிற்று. இப்போது தொடை நாடாவில் இரு காலுக்கும் வேறுபாடு அரை சென்டிமீட்டர். கருப்பன் மறையூரில் மூன்றரைக் காலில் நடப்பதுபோல் நடக்கிறான். ஓடும்போது மட்டும் குறை தெரிவதில்லை. வாசற்படி ஏழையும் தானே ஏறுகிறான். ஜீப் சத்தம் கேட்டால் பாதையோரம் ஒதுங்கிவிடுகிறான். அந்தப் பாடம் மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.